ஒரு லைன், மூன்று கட்டு

பாளையங்கோட்டையில் எங்கள் தாத்தா கட்டிய வீடு நீளவாக்கில் மூன்று கட்டு. முன்கட்டில் பெரியப்பா குடும்பம், நடுக்கட்டில் நாங்கள், புறவாசலை ஒட்டிய பின்கட்டில் சித்தப்பா குடும்பம். கதவு எண் ஒன்று, கிணறு ஒன்று, தொலைபேசியும் ஒன்றுதான். அது பெரியப்பா வீட்டுத் தார்சாவில், சன்னலோரம் ஒரு முக்காலி மேல் இருந்தது. யாருக்கு அழைப்பு வந்தாலும் முன்கட்டிலிருந்து ஒரு குரல் கொடுப்பார்கள். பின்கட்டிலிருந்து ஆள் ஓடிவரும்.

அந்த ஒற்றை லைனில் 2000 வாக்கில் இணையம் வந்து சேர்ந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். முதல் கம்ப்யூட்டர் அவருடையது. அடுத்து நான் ஒன்று வாங்கினேன். பிறகு அண்ணன் மனைவிக்கு, அதாவது மதினிக்கு ஒன்று. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்த குரலைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையை அவர் வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கியிருந்தார். கடைசியாக, பொறியியல் கல்லூரியில் சேர்ந்த சித்தப்பா மகளுக்கு, என் தங்கச்சிக்கு. ஆக, ஒரே வீட்டில் நாலு கம்ப்யூட்டர். லைன் மட்டும் ஒன்று.

டயல்-அப் காலத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இணையம் ஓடுகிறவரை தொலைபேசியில் யாரும் பேச முடியாது. மோடத்தின் அட்டைப்பெட்டியில் 56 கேபிபிஎஸ் என்று போட்டிருக்கும். எங்கள் பக்கத்து லைனில் வினாடிக்கு நாலு கேபி வந்தால் அது நல்ல நாள். மதினிக்கு வரும் ஒரு எம்பி குரல் கோப்பு இறங்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். இணையக் கணக்குக்கு ஒரு கட்டணம், தொலைபேசி அழைப்புக்கு இன்னொரு கட்டணம். பெரியப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தை முக்காலிக்கு மேலே ஆணியில் கட்டித் தொங்கவிட்டார். யார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார்கள் என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் பில்லை அதன்படி பிரிப்பார்கள். பணத்தைப் பிரிக்க நோட்டு போதும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வேலை இருந்தால் அது என்ன செய்யும்?

வழி விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பில் இருந்தது. 1999-இல் வந்த அந்தப் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்திருந்தது. மோடம் பொருத்திய அண்ணன் கம்ப்யூட்டரில் அதை இயக்கினால், அந்த இயந்திரம் 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். கூட இணையும் மற்றவற்றுக்கு அதே வரிசையில் முகவரிகளைத் தானே வழங்கும். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு கிராஸ் கேபிள் போதும். நடுக்கட்டிலிருந்து நான் ஒரு பக்கத்தைத் திறந்தால், முன்கட்டில் மோடம் தானாக டயல் செய்யும் சத்தம் கேட்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குள் நடப்பதை எங்கள் வீட்டைக் கொண்டே விளக்கலாம். மூன்று கட்டுக்கும் கதவு எண் ஒன்றென்பதால், தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் தார்சாவில் போட்டுவிட்டுப் போவார். அப்பாவைப் பெற்ற ஆச்சி உறையைப் பார்த்து, இது நடுக்கட்டுக்கு, இது பின்கட்டுக்கு என்று பிரித்துக் கொடுத்தனுப்புவாள். உள்ளே எத்தனை குடும்பம் என்று தபால்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. இணைப்பைப் பகிரும் கம்ப்யூட்டர் செய்வது ஆச்சியின் வேலை. உள்ளிருந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும், அதாவது தரவுத் துண்டிலும், அனுப்பிய இயந்திரத்தின் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியைப் போடும். எந்தப் போர்ட் எண்ணில் யாருக்காக அனுப்பினோம் என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவருக்குத் திருப்பிவிடும்.

அன்று புழங்கிய இணைய முகவரி 32 பிட் கொண்டது. ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. 1981-இல் அந்த முகவரிகளுக்கான நெறிமுறை எழுதப்பட்டபோது அது பெரிய எண். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே போதாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர், உள்ளே ஒரு முகவரி, வெளியே ஒரு முகவரி என்று மாற்றித் தரும் யோசனையைத் தற்காலிக ஏற்பாடாக எழுதிவைத்தார்கள். போர்ட் எண்ணையும் சேர்த்து மாற்றும் முறை பிறகு பரவியது. 1996-இல் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று வரிசைகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யாரும் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டன. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. தற்காலிகம் என்று சொன்ன ஏற்பாடு இன்றும் கோடிக்கணக்கான வீடுகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் குறை சொல்லும் பொறியாளர்கள் உண்டு. இணையத்தில் எந்த இயந்திரமும் எந்த இயந்திரத்தோடும் நேரடியாகப் பேச முடிய வேண்டும் என்ற மூலக் கொள்கை இதனால் கெட்டுப்போனது என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் இது வராதிருந்தால் எங்களைப் போன்ற வீடுகளில் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு இணையம் வந்திருக்காது என்பதும் சரிதான்.

மூன்றாவது இயந்திரம் வந்ததும் கிராஸ் கேபிள் போதவில்லை. எட்டு போர்ட் உள்ள ஒரு ஸ்விட்ச் வாங்கினோம். சென்னைக்குப் போயிருந்த அண்ணன் ரிச்சி தெருவிலிருந்து கேட்-5 கேபிளும், ஒரு பை நிறைய ஆர்ஜே45 முனைகளும், கிரிம்பிங் டூலும் வாங்கிவந்தார். இதை எழுதும்போதே கை துறுதுறுக்கிறது. கேபிளின் மேல்தோலை ஒரு அங்குலம் உரித்தால் உள்ளே நாலு ஜோடி கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, வரிசைப்படுத்த வேண்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டையும் ஒரே மட்டமாக வெட்டி, முனைக்குள் செலுத்தி, டூலை அழுத்தும்போது ஒரு 'கிளிக்'. நீலத்தின் இரண்டு பக்கமும் பச்சை ஜோடி பிரிந்து நிற்பது ஏன் என்று தங்கச்சி கேட்டாள். நடுவில் உள்ள இரண்டு முள்ளும் பழைய தொலைபேசிக்கு ஒதுக்கியவை. அதைக் கெடுக்காமல் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் அப்படி. சொன்னதும் அவளுக்குப் பிடித்துப்போனது. அதன்பின் பின்கட்டின் முனைகள் எல்லாவற்றையும் அவளே அடித்தாள். அவள் அடித்த எந்த முனையும் கடைசிவரை தளரவில்லை.

சுவர்கள்தான் வேலை வாங்கின. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய ஒன்றரை அடி கனமுள்ள சுவர்கள். துளைக்கப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. தாத்தா வைத்த சுவரில் ஓட்டை போடுவதாவது என்றார். ஆகவே கேபிள் தார்சாவிலிருந்து சன்னல் மேற்சட்டம் வழியே ஏறி, பட்டாசலின் உத்திரத்தை ஒட்டி ஓடி, வானவெளியைத் தாண்டி, அடுப்படிப் புகைக்கூண்டுக்கு எட்ட நின்று, பின்கட்டுக்குள் இறங்கியது. கரண்டுக் கம்பி போகும் பக்கம் ஒட்டவிடாமல் தள்ளியே கொண்டுபோனோம். வானவெளியில் வெயிலும் மழையும் படும் இடத்தில் பிவிசி குழாய்க்குள் விட்டோம். ஒரு கேபிள் நூறு மீட்டர் வரை போகலாம். எங்கள் வீட்டு நீளத்துக்கு அது தாராளம்.

அண்ணன் கம்ப்யூட்டரை நம்பி மற்ற மூன்றும் இருந்ததில் ஒரு சங்கடம். அவர் அதை அணைத்துவிட்டால் எல்லோருக்கும் இணைப்பு போய்விடும். அவரோ பத்து மணிக்குப் படுக்கிறவர். மதினிக்கு வேலை சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான். ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய 32 எம்பி நினைவகமுள்ள பழைய பென்டியம் ஒன்று எனக்குக் கிடைத்தது. பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் குறுந்தகட்டை அதில் நிறுவி, மோடத்தை அதற்கு மாற்றி, தார்சாவில் முக்காலிக்கு அடியில் வைத்தேன். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. 2001 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 2.4-இல் ஐபிடேபிள்ஸ் என்ற வசதி இருந்தது. முகவரியை மாற்றித் தரும் வேலைக்கு அதில் ஒரே ஒரு வரி போதும். ஸ்குவிட் என்ற மென்பொருளையும் போட்டேன். ஒருவர் பார்த்த பக்கத்தையே இன்னொருவர் கேட்டால், வெளியே போகாமல் உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும். நாலு கேபி லைனில் அது பெரிய விஷயம்.

அந்தப் பெட்டியின் அருமை 2003 ஆகஸ்டில் தெரிந்தது. பிளாஸ்டர் என்ற புழு உலகமெங்கும் பரவிய மாதம் அது. விண்டோஸ் 2000-மும் எக்ஸ்பியும் ஓடும் இயந்திரங்களில், இணையத்தோடு நேரடியாகத் தொடர்பிருந்தால் போதும், எந்தக் கோப்பையும் திறக்காமலே புகுந்துவிடும். திரையில் அறுபது வினாடி எண்ணிக்கை ஓடும். முடிந்ததும் இயந்திரம் தானே அணைந்து எழும். அண்ணன் கணக்கு எழுதப் போகும் கடைகளில் அது ஆடித் தீர்த்தது. எங்கள் நாலு இயந்திரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டுகிற பாக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று லினக்ஸ் பெட்டியின் அட்டவணையில் குறிப்பில்லை. குறிப்பில்லாததை அது கீழே போட்டுவிட்டது. அந்தப் பெட்டியைப் பாதுகாப்புக்கென்று நாங்கள் வைக்கவில்லை. பாதுகாப்பு கூடவே வந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டு இணைப்பு முழுவதும் ஓர் இயந்திரம் வழியே போகிறதென்றால், அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எல்லாம் தெரியும். ஸ்குவிட், யார் எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று வரிவரியாக எழுதி வைக்கும். அன்று பெரும்பாலான தளங்களில் மறையாக்கம் கிடையாது. என்னிடம் கேட்கவும் செய்தார்கள். பிள்ளை என்னத்தைப் பார்க்கிறது என்று சித்தப்பா ஒரு நாள் மெல்லக் கேட்டார். அன்றே அந்தப் பதிவை நிறுத்திவிட்டு, நிறுத்திவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எத்தனை எம்பி என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டேன். இன்று வீட்டு ரூட்டரின் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறதோ அவர்களும் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. எங்கள் தொலைபேசி நிலையத்துக்கு வசதி வந்ததும் பெரியப்பா பெயரில் மனு கொடுத்தோம். 256 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 32 கேபி. மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் ஒரு ஜிபி. அதற்கு மேல் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. முழு வேகத்தில் விட்டால் ஒன்பது மணி நேரத்துக்குள் மாதப் பங்கு தீர்ந்துவிடும். 2007-இன் தொடக்கத்தில் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை கூட்டினார்கள், அளவு அப்படியே இருந்தது. அப்போது ஒரு ஜிபி தீர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை மட்டும் கணக்கில்லை. தங்கச்சி தன் புராஜெக்டுக்கு வேண்டிய பெரிய கோப்புகளை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதித் தருவாள். லினக்ஸ் பெட்டி இரண்டு மணிக்குத் தானே எழுந்து இறக்கி, எட்டு மணிக்கு முன் நிறுத்திவிடும்.

லைனில் பேச முடிகிறது, இணையமும் ஓடுகிறது, வேகமும் பலமடங்கு. இனி தகராறே வராது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தது. ஆச்சியின் கடைசி மகன், என் சின்னச் சித்தப்பா, சிங்கப்பூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாஹூ மெசஞ்சரில் பேசுவார். ஆச்சி தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்காருவாள், குரல் மட்டும்தான் என்றாலும். ஒரு ஞாயிறு ஐந்து நிமிடம் போனதும் முகம் மாறியது.

"எய்யா, அவன் பேசுறது வெட்டி வெட்டி விழுது. ஒண்ணு கேட்டா எப்பவோ பதில் சொல்லுதான். உடம்புக்கு எதுவுமா?"

அதே நேரம் முன்கட்டில் மதினி முடித்த கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் நேரக் கெடு. ஒரு கோப்பு தாமதமானால் அந்த வரிகளுக்குக் கூலி குறையும். நான் போய் நின்றதும், "தம்பி, நான் எறக்கவே இல்லையே, ஏத்தத்தான செய்றேன். அதுக்கும் ஆச்சி பேசுறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் தேடி நான் நிறையப் படித்தேன். பிராட்பேண்டில் இறங்கும் பாதை அகலம், ஏறும் பாதை குறுகல். கோப்பு ஏற்றும்போது கம்ப்யூட்டர் பாக்கெட்டுகளை வேகமாகக் கொட்டுகிறது. மோடம் அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி, முடிந்த வேகத்தில் அனுப்புகிறது. வினாடிக்கு 8 கேபி போகிற பாதையில் 32 கேபி வரிசை நின்றால், கடைசியில் வந்து சேர்ந்த பாக்கெட் நாலு வினாடி காத்திருக்க வேண்டும். ஆச்சியின் குரல் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள். அதற்கு வேகம் வேண்டாம், உடனே போனால் போதும். அது போய் நின்றது மதினியின் கோப்புக்குப் பின்னால். கோப்பு இறக்குகிறவர்களும் தப்பவில்லை. வந்து சேர்ந்தது என்ற ஒப்புகையும் அதே குறுகிய பாதையில்தான் திரும்பிப் போக வேண்டும்.

தீர்வு விந்தையானது: வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது. மோடத்தால் முடிவதை விடச் சற்றுக் குறைவாகவே லினக்ஸ் பெட்டி அனுப்பினால், மோடத்துக்குள் வரிசை நிற்காது. வரிசை பெட்டியில் நிற்கும். பெட்டியில் நின்றால் யாரை முதலில் விடுவது என்று நாம் சொல்லலாம். குரலுக்கும் ஒப்புகைக்கும் முதலிடம், மற்றவர்களுக்கு மாறி மாறி ஒரு முறை. பெர்ட் ஹியூபர்ட் எழுதிய வொண்டர்ஷேப்பர் என்ற சிறு நிரல் இதைச் செய்தது. அடுத்த ஞாயிறு மதினி கோப்பு ஏற்றிக்கொண்டே இருந்தார். ஆச்சி முக்கால் மணி நேரம் பேசினாள். சின்னச் சித்தப்பா அன்று என்ன குழம்பு வைத்தார் என்பது வரை கேட்டு முடித்துத்தான் எழுந்தாள். மதினியின் கோப்புக்கும் தாமதம் ஆகவில்லை.

இந்தக் கோளாறு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதையே ஆராய்ந்து, கருவிகளில் தேவைக்கு மேல் பெரிய நினைவகம் வைப்பதே காரணம் என்று உலகுக்குச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்சும் வேன் ஜேகப்சனும் வரிசையின் நீளத்தை அல்ல, ஒரு பாக்கெட் காத்திருக்கும் நேரத்தை அளந்து கட்டுப்படுத்தும் முறையைத் தந்தார்கள். அதோடு ஒவ்வொருவருக்கும் முறை வைக்கும் வழியும் சேர்ந்து எஃப்க்யூ கோடல் என்று பெயர் பெற்று, 2018-இல் ஆவணமாக வெளிவந்தது. அவர்கள் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் ஞாயிற்றுக்கிழமை நினைவுதான். ஒரு வீட்டுக்கு எத்தனை வேகம் இருக்கிறது என்பதை விட, சின்னத் தேவை பெரிய தேவைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மட்டும் எல்லோரும் ஒன்றுபட்டோம். தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் இறங்கி மோடத்தைக் கருக்கிவிடும். மேற்கே வானம் இருட்டினாலே பெரியப்பா தார்சாவிலிருந்து, "ஏ, பிடுங்கப் போறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கிவிடுவார்.

ஆச்சி போய்விட்டாள். பின்கட்டை இடித்துச் சித்தப்பா தனி வீடாகக் கட்டிக்கொண்டார். தங்கச்சி இப்போது சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறாள். 2020 ஊரடங்கின்போது ஒரு நாள் கூப்பிட்டாள். "அண்ணே, 100 எம்பி லைன் போட்டிருக்கோம். அவங்க மீட்டிங் ஆரம்பிச்சா பிள்ளை கிளாஸ் நின்னு போகுது" என்றாள். பேசிக்கொண்டே தேடினோம். மாப்பிள்ளையின் போன், எடுத்த படங்களை எல்லாம் இடைவிடாமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. அதை இரவுக்கு மாற்றச் சொன்னேன். ரூட்டரில் ஏறும் வேகத்தை அளந்து, அதற்குச் சற்றுக் குறைத்து வைக்கச் சொன்னேன். பிள்ளையின் லேப்டாப்புக்கு வைஃபை வேண்டாம், கேபிள் போடு என்றேன். கிரிம்பிங் டூல் அவளிடமே இருந்தது.

படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. வீட்டில் வகுப்போ அழைப்போ விட்டு விட்டுக் கேட்டால், அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன், எந்தக் கருவி மேலே எதை ஏற்றுகிறது என்று பாருங்கள். புது ரூட்டர் வாங்குவதானால் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி அதில் உண்டா என்று கடையில் கேளுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், எலக்ட்ரீஷியன் சுவரில் குழாய் பதிக்கும் அன்றே, கரண்டுக் குழாய்க்கு ஓரடி தள்ளி, அறைக்கு ஒரு வெறுங்குழாய் விடச் சொல்லுங்கள். கேபிள் இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் போட்டு வையுங்கள்.